நடக்காத கைத்தடி

கிழவரைக் கொல்லப் பதினோரு அடி தேவைப்பட்டிருக்கிறது. முதல் மூன்றிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் எழுதியிருந்தார். மீதி எட்டு அடி எதற்கு என்பதுதான் மூன்று நாளாக நீரஜாவின் மனதைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. திருட வந்தவன் பயத்தில் அடிப்பான், ஆள் விழுந்ததும் ஓடிவிடுவான். விழுந்து கிடக்கும் கிழவரை நின்று நிதானமாக எட்டு முறை அடித்தவனுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் போலீஸுக்கு ஒரு திருடன் வேண்டியிருந்தது. கிடைத்தும் விட்டான். பெயர் பிரசாத், வயது இருபது, மயிலாப்பூரில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு கிழவர் ராஜகோபாலன் வீட்டில் கேனை இறக்கிவைத்தது அவன்தான். கதவில் அவன் கைரேகை. 'சட்டையில் ரத்தத்தோடு ஓடினான், என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்ல, மாடியில் குடியிருக்கும் சுப்பராயன் என்று ஒரு சாட்சி. வேலைக்காரி பிணத்தைப் பார்த்தது புதன்கிழமை காலை. மதியத்துக்குள் பிரசாத் ஸ்டேஷனில் இருந்தான்.

இன்று வெள்ளி. மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அதற்குள் 'நான்தான் அடித்தேன்' என்று எழுதிய காகிதத்தில் அவன் கையெழுத்து விழுந்துவிட வேண்டும் என்று ஸ்டேஷனில் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடு எப்படிப்பட்டது என்று தெருவில் நின்ற அவன் அம்மா ஜெனிதாவுக்கே கேட்டது.

ஜெனிதா, ராபர்ட்டின் அக்கா. ராபர்ட், தனியாகத் துப்பறியும் நீரஜாவிடம் ஆறு வருடமாக இருப்பவன். அவளுக்கு ஆட்டோ ஓட்டுவான், ஆள் பின்தொடர்வான், பூட்டுத் திறப்பான், இடைவிடாமல் பேசுவான். அவள் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவதால் இருவருக்கும் ஒத்துப்போனது.

கச்சேரி ரோட்டு ஓரத்தில், மழையில், ஆட்டோ நின்றிருந்தது. மணி ஒன்று ஐந்து.

"மீட்டர் போட்டிருக்கலாம் மேடம்," என்றான் ராபர்ட், திரும்பாமலே. "நீங்க யோசிக்கிற யோசனைக்கு வெயிட்டிங் சார்ஜ்லயே நான் ஒரு படகு வாங்கியிருப்பேன்."

நீரஜா கைபேசியை அவன் தோளுக்கு மேல் நீட்டினாள். செய்தித்தளம் ஒன்றில் வந்த புகைப்படம். பிணத்தின் பக்கத்தில் கிடந்த கைத்தடி, நடுவில் முறிந்து, ரத்தம் காய்ந்து. ராஜகோபாலனின் தடிதான். தெருவில் எல்லோரும் அடையாளம் சொல்லிவிட்டார்கள். அவள் படத்தைப் பெரிதாக்கி, தடியின் கீழ்நுனியில், தரையில் படும் பித்தளைப் பூணில் நிறுத்தினாள்.

"பூண் பளபளன்னு இருக்கு."

"பித்தளைன்னா பளபளன்னுதான கீது."

"அடியில பாரு. ஒரு கீறல் இல்ல. அந்த மனுஷர் தினம் காலையில தெப்பக்குளத்தைச் சுத்தறவர். சாயங்காலம் லஸ் வரைக்கும் நடை. இந்தத் தடி பத்தடிகூட நடக்கல, ராபர்ட்."

"ஆட்டோல வந்திருக்கும்."

"ஆட்டோவுல வந்து எறங்கினாலும் கேட்டுலேர்ந்து வாசப்படி வரைக்கும் இருபதடி, கருங்கல்லு. ஊன்றாம எப்படி வருவார்?"

ராபர்ட் திரும்பிப் பார்த்தான். மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "அப்போ வேற எவனோ கையில தூக்கிகினு வந்தான்றீங்க."

"பூண்ல கடை முத்திரை இருக்கு. பிறையும் நட்சத்திரமும்." அவள் தெருவுக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினாள். ஹஸனா குடை, கைத்தடிக் கடை என்ற பழைய பலகையில் அதே பிறை, அதே நட்சத்திரம், 1909 என்ற எண்.

"வெள்ளிக்கிழமை, ஒரு மணி. பாய் கடை தொறந்து கீது," என்றான் ராபர்ட் இறங்கிக்கொண்டே. "நம்மளுக்கும் ஒரு நாள் லக்கு அடிக்குது."

நீரஜா அவன் பின்னால் இறங்கினாள். ஜும்ஆ தொழுகைக்குச் சாத்தியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்திருக்கும் கடையைப் பார்த்தபடி ஒரு கணம் மழையில் நின்றாள். பிறகு படியேறினாள்.

வாசலில் ஒரு பலகை. 'காலணிகளை வெளியே விடவும். அளவு கொடுப்பவர்கள் மட்டும் கையில் எடுத்து வரவும்.' அதற்குக் கீழே தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. நீரஜா தன்னுடையதை அதன் பக்கத்தில் விட்டாள். ராபர்ட்டும் விட்டான்.

உள்ளே கடை ஒரு ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போனது. இரண்டு சுவர்களிலும் கைத்தடிகள். கருங்காலி, ஈட்டி மரம், பிரம்பு. யானைத்தலைப் பிடி, வாத்துத்தலைப் பிடி, வெறும் வளைவு. உத்தரத்திலிருந்து விரித்த குடைகள் தலைகீழாகத் தொங்கின. கோடியில் தரை முழுக்கப் பாய். பாயில் ஒரு சாய்மேசை. அதன் பின்னால் கடைக்காரர் முதஸ்ஸிர் உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர், வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, சலவை மடிப்புக் கலையவில்லை. அத்தர் வாசனை. தொழுகைக்குக் கிளம்பிவிட்டுக் கிளம்பாத மனிதர்.

அவருக்கு ஒரு முழம் பின்னால் இன்னொருவர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர், குந்தி உட்கார்ந்து மடியில் ஒரு பெரிய கறுப்புக் குடையைப் போர்த்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். வலது கை குடைத்துணிக்கு அடியில் இருந்தது. ஊசி பிடித்த இடது கையின் உள்ளங்கையில் பிளாஸ்திரி.

"வாங்கம்மா," என்றார் முதஸ்ஸிர். குரல் வறண்டிருந்தது.

"இன்னா பாய், வெளியில இந்த மழ பெய்யுது, உள்ள ஈ ஓட்டிகினு கீறீங்க? மயிலாப்பூர்ல எல்லாரும் நனைஞ்சே பழகிட்டானுங்களா?" ராபர்ட் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, நீங்க யாரு? தலைய நிமிருங்க. குடை தைக்கிறீங்களா, கைரேகை பாக்குறீங்களா?"

"குடை ரிப்பேர் பாக்கறவரு," என்றார் முதஸ்ஸிர் அவசரமாக. "பேசமாட்டாரு."

"எங்க மேடத்துக்கு உறவா இருப்பாரு போல."

நீரஜா கைபேசியில் இருந்த படத்தைச் சாய்மேசை மேல் வைத்தாள். "இது உங்க கடைத் தடியா, பாய்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். ரத்தக்கறையைப் பார்த்ததும் தாடி லேசாக ஆடியது. "நம்மளதுதான். ராஜகோபாலன் சாரோட கருங்காலி. பழைய பூண் சப்பையாப் போயிருந்திச்சு. மாத்தக் கொடுத்தாரு."

"எப்போ?"

"திங்கக்கிழமை."

"அப்போ திங்கக்கிழமை வீட்டுக்கு எப்படி நடந்து போனார்?"

அந்தக் கேள்வி முதஸ்ஸிரின் முகத்தை ஒரு நொடி மாற்றியது. பயத்துக்கு அடியில் தொழில்காரனின் கௌரவம் தலைகாட்டியது. "எங்க பாட்டனார் காலத்துலேர்ந்து ஒரு பழக்கம்மா. ஊணிகிட்டு வந்தவரை வெறுங்கையோட அனுப்பறதில்ல. ரிப்பேர் முடியற வரைக்கும் கடையிலேர்ந்து இரவல் தடி கொடுப்போம். பிடிக்குக் கீழ செவப்பு அரக்கு வளையம் போட்டிருக்கும். சொந்தத் தடிய வாங்கும்போது இரவலைத் திருப்பிடணும்."

நீரஜா போலீஸ் எடுத்த பொருள் பட்டியலை மனதில் ஓட்டினாள். கொலை நடந்த வீட்டில் சிவப்பு வளையம் போட்ட தடி எதுவும் இல்லை. அங்கே இருந்தது நடக்காத இந்தத் தடி மட்டும்தான்.

"யார் வந்து வாங்கிட்டுப் போனாங்க?"

குடை தைத்தவரின் ஊசி நின்றுவிட்டது.

"பெரியவரேதான்," என்றார் முதஸ்ஸிர். "அவரே வந்தாரு. செவ்வாக்கிழமை சாயங்காலம். ஆறு மணி."

ராபர்ட் எழுந்தேவிட்டான். "இன்னா பாய் சொன்ன? ஆறு மணியா?"

"ஆறு."

"மேடம், நாலு மணிக்குப் பிரசாத்து கொன்னான்றானுங்கோ. ஆறு மணிக்கு ஆளு இங்க வந்து தடி வாங்கிகினு போயிகீறாரு. பேயா வந்து வாங்குனாரு? ஆறு மணிக்குப் பிரசாத்து சாந்தோம் சர்ச்சுல, எங்க அக்காகூட, பூசைல நின்னுகினு இருந்தான். பாதிரியாரே பாத்தாரு." சிரித்தான், சிரிப்பு அழுகை மாதிரி வந்தது. "பாய், உன் வாய்ல சக்கரை போட. போலாம் மேடம். இவர அப்புடியே தூக்கி ஆட்டோல போட்டுகினு ஸ்டேஷனுக்குப் போலாம்."

நீரஜா அசையவில்லை.

"மேடம், போலாம்ன்றேன். மணி ஒண்ணே கால்."

அவளும் போய்விடத்தான் விரும்பினாள். அந்தப் பொய் அத்தனை உபகாரமாக இருந்தது. ஆனால் ராஜகோபாலன் ஆறு மணிக்கு இங்கே வந்து அந்தத் தடியை வாங்கியிருந்தால், இந்தக் கடைப் படியிலிருந்து தன் வீட்டு வாசல் வரை அதை ஊன்றித்தான் போயிருப்பார். பூணில் கீறல் இருந்திருக்கும். இல்லை. தடியை வாங்கிப் போனது அதை ஊன்றத் தேவையில்லாத ஒருவன். அது பாய்க்குத் தெரியும். தெரிந்தும் பொய் சொல்கிறார். மணி உண்மையாக இருக்கலாம். ஆளைத்தான் மறைக்கிறார்.

யாருக்காக? அல்லது யாருக்குப் பயந்து?

"பாய்," என்றாள், "எங்க ராபர்ட்டுக்கு ஒரு தடி வேணும்."

ராபர்ட் அவளை வெறித்துப் பார்த்தான். "எனக்கா? எனக்கு இன்னாத்துக்கு?"

"வயசாகுதில்ல. அளவு எடுங்க, பாய்."

ஆறு வருடப் பழக்கம். அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று ராபர்ட்டின் வாயை அடைத்தது. பாயின் நடுவில் வந்து கைகளைத் தொங்கவிட்டு நின்றான். "எடுங்க பாய். எங்கப்பன் சவப்பொட்டிக்குக்கூட எவனும் ஒழுங்கா அளவெடுக்கல."

முதஸ்ஸிர் அளவுகோலை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பின்னாலிருந்தவரும் குடையைக் கை மேல் போர்த்தியபடியே அவரோடு ஒட்டி எழுந்தார். "நான் பிடிக்கறேன்," என்று முணுமுணுத்தார்.

பேசமாட்டாதவர் பேசினார்.

முதஸ்ஸிர் ராபர்ட்டின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் கோலை நட்டு, மணிக்கட்டைப் பார்க்காமலே, நீரஜாவின் கண்ணைப் பார்த்து, "முப்பத்தொண்ணு," என்றார்.

ராபர்ட் ஆறடி உயரம். முப்பத்தொன்று அங்குலத் தடி ஊன்றினால் அவன் கூனித்தான் நடக்க வேண்டும். அதுவும் வெறுங்காலில் அளவு. செருப்பு போட்டு அளவெடுக்கவே அதைக் கையில் எடுத்து வரச் சொல்லி வாசலில் பலகை மாட்டியிருக்கும் கடைக்காரர் எடுத்த அளவு. தெரிந்தே செய்த தப்பு. அந்த மனிதர் தன்னிடமிருந்த ஒரே பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்.

நீரஜா கண்ணைத் தாழ்த்தினாள். பாயின் மேல் ராபர்ட்டின் வெறுங்கால். முதஸ்ஸிரின் வெறுங்கால். அவருக்குப் பின்னால் கறுப்புத் தோல் ஷூ, நனைந்து, பாயில் ஈரம் விட்டுக்கொண்டு. அவர்கள் வரும்போது வெளியே கிடந்தது ஒரே ஒரு ஜோடி செருப்பு.

இந்தக் கடையில் வேலை செய்கிறவன் எவனும் இந்தப் பாயில் ஷூவோடு ஏறமாட்டான்.

அவள் பதற்றமில்லாமல் கைக்கு எட்டிய குடையை எடுத்தாள். பெரியது, பிரம்புக் காம்பு, இரும்புக் கம்பிகள். "இது சரியா விரியுமா, பாய்?"

"விரியும்மா," என்றார் முதஸ்ஸிர், கண்ணை மூடிக்கொண்டு.

அவருடைய தோளுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் காம்பை நுழைத்து அவள் விசையை அழுத்தினாள்.

குடை வெடித்தது மாதிரி விரிந்தது. கம்பி நுனிகள் அவன் கண்ணாடியில் மோதின. முதஸ்ஸிர் முன்னால் விழுந்தார். விழும்போதே "அல்லா" என்று முனகினார், ஜிப்பாவின் விலாப் பக்கத்தில் சிவப்பு பரவியது. அடுத்த கணம் கறுப்புத் துணியைக் கிழித்துக்கொண்டு ஒல்லியான நீண்ட கத்தி ஒன்று வெளியே வந்தது, நீரஜாவின் கழுத்துக்கு நேராக. அவள் முகத்தைத் திருப்பினாள். கத்தி தோளைக் கீறிக்கொண்டு போனது. முதலில் குளிர்ச்சி. பிறகுதான் எரிச்சல்.

கைத்தடிக்குள் ஒளித்துவைக்கும் கத்தி அது. அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் 'விற்பனைக்கு அல்ல' என்ற சீட்டோடு நூறு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சற்று முன்புதான் அவன் அதை எழுப்பியிருந்தான்.

அவள் குடையை விடவில்லை. காம்பை இரண்டு கையாலும் பிடித்து அவனைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். தடிகள் சரிந்து விழுந்தன. அவன் துணிக்குள்ளிருந்து மறுபடி குத்தினான், மறுபடியும். ஒரு குத்து காம்பில் பட்டு வழுக்கியது. இன்னொன்று ராபர்ட்டின் முன்னங்கையில் ஏறி மறுபக்கம் வந்தது.

ராபர்ட் தன் கையைப் பார்த்தான். கத்தியோடு சேர்த்து அந்தக் கையை அப்படியே கீழே இழுத்தான். அவன் இன்னொரு கை சுவரில் எதையோ தேடியது. கிடைத்தது ஒரு ஈட்டிமரத் தடி.

முதல் அடி மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது, ஈர விறகு ஒடிகிற மாதிரி. கத்தி பாயில் விழுந்தது.

இரண்டாவது முழங்காலில். அவன் மண்டியிட்டான்.

"யாருடா நீ?"

மூன்றாவது தோள்பட்டையில்.

"பேரு சொல்றா."

"சுப்பராயன்," என்றார் தரையில் கிடந்த முதஸ்ஸிர், விலாவைப் பிடித்துக்கொண்டு. "இவருதான் செவ்வாக்கிழமை சீட்டைக் கொடுத்துத் தடிய வாங்கினவரு. மாடி வீட்டுக்காரர்ன்னு சொன்னாரு. இரவலை நாளைக்குத் தரேன்னாரு."

சாட்சி. மூன்று நாளாகக் கதவைத் திறக்காமல், உள்ளேயிருந்தே 'சொல்றதைப் போலீஸ்ல சொல்லியாச்சு' என்று குரல் கொடுத்த சாட்சி. அவர்கள் இதுவரை முகம் பார்க்காத சாட்சி.

ராபர்ட்டின் முகத்தில் இருந்த எல்லாமே அணைந்தது. "பதினோரு அடி," என்றான் மெதுவாக. "பெரியவரப் பதினோரு அடி அடிச்ச. எங்க அக்கா புள்ள வாங்கினத யாரும் எண்ணல. நான் எண்ணிகினே அடிக்கிறேன், கேட்டுக்கோ. நாலு."

அடி தாடையில் விழுந்தது. பல்லும் ரத்தமும் பாயில் தெறித்தன.

"அஞ்சு. இரவல் தடி எங்கடா? வாயத் தொற. ஆறு."

சுப்பராயன் கையைத் தூக்கித் தலையை மறைத்தான். மறைத்த கையிலேயே அடி விழுந்தது. "சொல்றேன், சொல்றேன்," என்று குழறினான். "என்ன வேணுமோ சொல்றேன். அடிக்காதீங்க."

நீரஜா அந்த வார்த்தைகளைக் கேட்டாள். இதே நேரத்தில், ஒன்றரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், இன்னொருவன் இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருப்பான். இதே குரலில்தான் சொல்வான். உண்மை சொல்கிறவனும் பொய் சொல்கிறவனும் அடியின் கீழ் ஒரே குரலில்தான் பேசுகிறார்கள்.

ஏழாவது அடி இறங்கும்போது அவள் குறுக்கே கையை நீட்டினாள். தடி அவள் முழங்கைக்குக் கீழே விழுந்தது. கண் இருண்டது. கையை எடுக்கவில்லை.

"மேடம், தள்ளு."

"இவன் செத்தா பிரசாத்தை யார் வெளியில கொண்டு வருவா?"

"தள்ளு மேடம்."

"அடிச்சு வாங்கினதை எவனும் மதிக்கமாட்டான், ராபர்ட். பிரசாத்துகிட்ட வாங்கறதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ராபர்ட் தடியை ஓங்கியபடியே நின்றான். அவன் முன்னங்கையிலிருந்து ரத்தம் தடி வழியாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று தெரியாது. பிறகு தடியை விட்டான். அது உருண்டு போய்ச் சுவரில் மோதியது. அவன் தன் சட்டையைக் கழற்றி, பாதியைக் கிழித்து முதஸ்ஸிரின் விலாவில் அமுக்கினான். மீதியால் சுப்பராயனின் கைகளைப் பின்னால் கட்டினான். மீனவன் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

"ஆழமா, பாய்?" என்று நீரஜா கேட்டாள்.

"தோலோட போச்சும்மா. நெஞ்சுலதான் இன்னும் அடிச்சுக்குது." முதஸ்ஸிர் மூச்சு வாங்கினார். "தொழப் போக ஷட்டரை இறக்கப் போனேன். உள்ள வந்துட்டாரு. சீட்டு எங்கன்னு கேட்டாரு. சொல்றதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. நாப்பது வருஷத்துல ஒரு அளவு தப்பினதில்ல. இன்னிக்குத்தான் தப்பா எடுத்தேன்."

"எந்தச் சீட்டு?"

அவர் சாய்மேசைக்கு அருகே இருந்த கம்பியைக் காட்டினார். பலகையில் நட்ட செங்குத்தான கம்பி. வேலை முடிந்து திரும்பி வந்த ரிப்பேர் சீட்டுகளெல்லாம் அதில் குத்தப்பட்டிருந்தன, ஒரு சாண் உயரத்துக்கு. நீரஜா மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்பதாவது சீட்டு. ராஜகோபாலன், கருங்காலி, பூண் மாற்ற. கீழே முதஸ்ஸிரின் கையெழுத்தில், 'செவ்வாய் மாலை 6. மாடி வீட்டார் பெற்றார். இரவல் நான்காம் எண் வரவில்லை.' சீட்டின் ஓரத்தில், பிடித்த இடத்தில், ஒரு பெருவிரல் அளவுக்குப் பழுப்புக் கறை.

அவள் சுப்பராயனின் இடது கையிலிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே நீளமான ஆழ்ந்த வெட்டு, அதில் இன்னும் ஒரு மரச் சிலாம்பு.

"இரவல் தடியால அடிச்ச," என்றாள். "அது பிளந்து உன் கையிலேயே ஏறிடுச்சு. உன் ரத்தம் பட்ட தடியை அங்க விட முடியாது. ஆனா பெரியவர் பக்கத்துல தடியே இல்லன்னா நாலு பேர் கேப்பாங்க. மேசை மேல இந்தச் சீட்டு இருந்தது. ரத்தம் நிக்காத கையாலேயே எடுத்துட்டு வந்து, அவரோட தடியை வாங்கிட்டுப் போய், உடைச்சு, ரத்தத்துல புரட்டிப் போட்ட. இவ்வளவு யோசிச்சவன், அதைத் தரையில நாலு தட்டு தட்ட மறந்துட்ட."

சுப்பராயன் ரத்தத்தைத் துப்பினான். நிமிர்ந்தபோது, உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண்களில் குற்ற உணர்ச்சி இல்லை, தீராத அவமானம் இருந்தது. "இருபத்திரெண்டு வருஷம் அந்த மாடியில இருந்தேன். அவர் சம்சாரம் போனப்ப பாடை தூக்கினேன். பொண்ணு வராளாம். ஒரு மாசத்துல காலி பண்ணணுமாம். பேப்பர் படிச்சுண்டே சொன்னார். நிமிர்ந்துகூடப் பாக்கல." அவன் குரல் தேய்ந்தது. "விழுந்தப்புறமும் அவர் என்னைப் பாக்கல."

எட்டு அடிக்கான பதில் கிடைத்துவிட்டது. அதில் நீரஜாவுக்கு ஒரு நிம்மதியும் இல்லை.

ராபர்ட்டின் கைபேசி அடித்தது. ரத்தம் வழுக்கிய விரலால் அவன் ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"டேய் ராபர்ட்டு." ஜெனிதாவின் குரல் மழைக்கு மேல் கேட்டது. "பாத்துட்டேன்டா. சோத்துக்கூடைய வச்சிட்டு உள்ள பூந்துட்டேன். கொமட்டுல குத்தி வெளிய தள்றதுக்குள்ள பாத்துட்டேன். புள்ள ரெண்டு கையும் வீங்கிக் கீது. விரலுங்கோ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக் கீதுடா. ஒரு டம்ளர் தண்ணி புடிக்க முடியல அவனால. நான்தான் ஊத்தினேன். வாடா, சீக்கிரம் வாடா."

ராபர்ட் இணைப்பைத் துண்டித்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

நீரஜா தன் கைபேசியில் இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவள் சுருக்கமாகச் சொன்னாள். சீட்டு, கடைக்காரர், கை வெட்டு, கட்டிப்போட்டிருக்கும் ஆள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நல்லாக் கதை சொல்றீங்க மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா லேட். பையன் ஒத்துக்கிட்டான். அடி, மிரட்டல் எதுவும் இல்ல, அவனா மனசு வந்து ஒத்துக்கிட்டான். அரை மணி நேரம் ஆச்சு. வாக்குமூலம் என் மேசை மேல இருக்கு. மூணு பக்கம். மூணு பக்கத்துலயும் அழகா கையெழுத்துப் போட்டிருக்கான்."

மழை கொஞ்சம் குறைந்திருந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற அரவம் தெருவில் கேட்டது. நீரஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எந்தக் கையால சார் போட்டான்?"

இன்ஸ்பெக்டர் பேசவில்லை.

அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம். ராபர்ட் சுவரிலிருந்து திரும்பி அவள் கையிலிருந்த கைபேசியையே பார்த்தான். முதஸ்ஸிரும் பார்த்தார். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு கான்ஸ்டபிள் ஏதோ கேட்டதும், 'இருய்யா' என்று இன்ஸ்பெக்டர் அதட்டியதும் தூரத்தில் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஒரு காகிதம் மெதுவாகக் கிழிகிற சத்தம். இன்னொரு முறை. மூன்றாவது முறை.

"மேடம்," என்றார் கடைசியில். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "பையனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லட்டும்?"